பச்சை வந்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஜீப்பை உயர்த்திக் கட்டிய ஒவ்வொருவரும் இதைக் கேட்டிருப்பார்கள்: “பச்ச வந்துருச்சு சார், எடுத்துக்கங்க.” அலைன்மென்ட் திரையில் சிவப்பாக இருந்த கட்டங்கள் பச்சையாகியிருக்கும். மெக்கானிக் டை ராடு நட்டை இறுக்கிவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். உரிமையாளர் காசைக் கொடுத்துவிட்டு, உயர்ந்து நிற்கும் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து ரசித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அப்படிக் கிளம்பிய வண்டி ஒன்றில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீரங்கத்து நண்பரின் ஜிம்னி. 2 இன்ச் லிஃப்ட், பெரிய டயர், டேஷ்போர்டில் பச்சையாக அச்சடித்த தாள். கொள்ளிடம் பாலம், நம்பர் 1 டோல்கேட் வரை ஒரு குறையும் தெரியவில்லை. சமயபுரம் தாண்டிச் சென்னை நெடுஞ்சாலையில் வேகம் 80ஐத் தொட்டதும் நண்பர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, மறுபடி இடது. லாரி கடக்கும் காற்றுக்கே வண்டி நகர்ந்தது. திருப்பினால் திரும்பியது, பிடியைத் தளர்த்தினால் நேருக்கு வர மறுத்தது. பாடாலூர் வருவதற்குள் அவர் தோள் இறுகிவிட்டது. “அலைன்மென்ட் பண்ணியாச்சேப்பா!” என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். டோ அளவு இருந்தது. காஸ்டர் என்ற வரிசையில் எண் எதுவும் இல்லை, வெறும் கோடு.

அந்தக் கோட்டைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

உயர்த்திய வண்டிகளைப் பற்றி நம் ஊரில் நான்கு நம்பிக்கைகள் வேரூன்றிக் கிடக்கின்றன. 2 இன்ச் உயர்த்துவதால் ஒன்றும் கெடாது. திரையில் பச்சை வந்துவிட்டால் வேலை முடிந்தது. ரிஜிட் ஆக்சில் வண்டிக்கு அலைன்மென்டே தேவையில்லை. இத்தனைக்குப் பிறகும் ஸ்டியரிங் ஆடினால், ஆட்டத்தை அடக்கும் டேம்பர் ஒன்றை மாட்டினால் போதும். நான்கிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் இவை இத்தனை நாள் தாக்குப்பிடிக்கின்றன. அந்தக் கொஞ்சத்தை ஒப்புக்கொண்டுவிட்டே மீதியை மறுக்கிறேன்.

முதலில் மூன்று கோணங்கள். இரண்டு முன்சக்கரங்களும் மூக்கை உள்ளே திருப்பியிருக்கின்றனவா வெளியே திருப்பியிருக்கின்றனவா என்பது டோ. வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். சக்கரம் எந்த அச்சைச் சுற்றி இடம் வலமாகத் திரும்புகிறதோ அந்த அச்சு, பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது எவ்வளவு பின்சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். முதல் இரண்டையும் கண்ணால் ஓரளவு பிடித்துவிடலாம். பழைய லாரிப் பட்டறைகளில் நூல் பிடித்தே டோ பார்த்துவிடுவார்கள். காஸ்டர் மட்டும் கண்ணுக்கும் நூலுக்கும் அகப்படாது.

ஆனால் கைக்குத் தெரியும். உத்தர வீதியில் இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டிய எந்தப் பையனுக்கும் காஸ்டரைத் தெரியும், பெயர்தான் தெரியாது. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்சாய்ந்திருப்பதால் டயர் தரையைத் தொடும் இடம், திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அச்சு முன்னே போக, டயர் அதன் பின்னே இழுபட்டு வருகிறது. இழுபட்டு வருவது எதுவும் இழுக்கும் திசைக்கே நேராகிவிடும். கையை விட்டாலும் சைக்கிள் நேரே போக முயல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காரின் ஸ்டியரிங் வளைவு முடிந்ததும் தானே திரும்பி வருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இந்தத் தயவு இல்லாத வாகனம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எங்கும் போக வேண்டாம். சித்திரைத் தேரைப் பாருங்கள். அதன் சக்கரங்களுக்கு நேராக உருள மட்டுமே தெரியும். ஒரு முழம் விலகினாலும் தானாகத் திரும்பி வராது. அதனால்தான் ஒவ்வொரு சக்கரத்தடியிலும் முட்டுக்கட்டையோடு ஆள் நிற்கிறார். கட்டை கொடுத்தே தேரை நேராக்குகிறார்கள், கட்டை கொடுத்தே மூலையில் திருப்புகிறார்கள். பல ஊர்த் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்துகொடுத்தது நம் திருவெறும்பூர் பெல் ஆலை. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் அங்கிருந்துதான் போனது. இரும்பு வந்தது, பிரேக் வந்தது, கட்டை போடுபவருக்கு இன்னும் ஓய்வு வரவில்லை. நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் போகும் உங்கள் ஜீப்புக்குக் கட்டை போட யாரும் கூட ஓடிவரப் போவதில்லை. அந்த ஆளின் வேலையைச் செய்வது காஸ்டர். லிஃப்ட் கிட் முதலில் வீட்டுக்கு அனுப்புவது அவரைத்தான்.

எப்படி என்று பார்க்க முதல் நம்பிக்கைக்கு வருவோம்: “வெறும் 2 இன்ச்தானே.”

வண்டியை உயர்த்துவதாக நாம் சொல்கிறோம். தரையிலிருந்து பார்த்தால் அது சரி. சேசிஸில் உட்கார்ந்து பார்த்தால் நடப்பது வேறு: அச்சும் சக்கரமும் கீழே தொங்கவிடப்படுகின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் கைகள் ஒரு முனையில் சேசிஸோடு பிணைக்கப்பட்டவை. பிணைத்த கை நேராக இறங்காது, வட்டத்தில்தான் இறங்கும். ஜிம்னியின் முன் அச்சைப் பின்னாலிருந்து இரண்டு கைகள் தாங்குகின்றன. கையின் நீளம் 800 மி.மீ. என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அச்சு 50 மி.மீ. இறங்கினால் கை ஏறத்தாழ 3.6 டிகிரி சாயும். அச்சு அந்தக் கையோடு இறுகக் கட்டப்பட்டிருப்பதால் அதுவும் அதே அளவுக்கு முன்பக்கமாகக் கவிழும். சாலை வண்டிகளுக்குக் காஸ்டரே சில டிகிரிகள்தான் கொடுத்திருப்பார்கள். அதிலிருந்து மூன்றரையைக் கழித்துப் பாருங்கள், நண்பரின் தோள் ஏன் இறுகியது என்பது விளங்கும்.

“1 இன்ச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் 2 இன்ச்சுக்கும் ஆகாது” என்ற வாதமும் இதே இடத்தில்தான் அடிபடுகிறது. கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும்போது ஒரு முழம் தள்ளினால் பலகை உயர்ந்தது போலவே தெரியாது. விளிம்பில் அதே முழத்துக்குப் பலகை விசுக்கென்று மேலே போகும். வட்டத்தின் குணம் அது. அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பனார்டு ராடு 900 மி.மீ. நீளம் என்றால், கிடையாக இருக்கும் நிலையிலிருந்து ஒரு முனை 50 மி.மீ. இறங்கும்போது அது அச்சைப் பக்கவாட்டில் இழுப்பது சுமார் 1.4 மி.மீ.தான். ஏற்கெனவே 100 மி.மீ. சரிந்திருக்கும் ராடு இன்னொரு 50 மி.மீ. இறங்கினால் இழுப்பு சுமார் 7 மி.மீ. அதே 50 மி.மீ.க்கு ஐந்து மடங்கு விளைவு. ஆகவே எத்தனை இன்ச் என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. எந்த நிலையிலிருந்து எத்தனை இன்ச் என்பதுதான் முழுக் கேள்வி.

முன்சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்கும் வண்டிகளில் இன்னும் சிக்கல். 2020 அக்டோபர் 2 அன்று வந்த புதிய தாரில் முன்னால் இரட்டை விஷ்போன், காயில் ஸ்பிரிங். 2010இல் வந்த பழைய தார் சிஆர்டிஇயில் முன்னால் டார்ஷன் பார். அந்த டார்ஷன் பாரின் போல்ட்டை நாலு சுற்றுச் சுற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதால், நம் பக்கத்தில் பலரும் செய்துகொண்ட ‘காசில்லாத லிஃப்ட்’ அதுதான். கிட் வாங்கவில்லை, ஸ்பேசர் மாட்டவில்லை, ஆகவே எதுவும் மாறவில்லை என்று நினைத்தார்கள். போல்ட்டைச் சுற்றினாலும் ஸ்பேசரைச் செருகினாலும் கைகள் தொங்குவது ஒரே மாதிரிதான். மேல் கையும் கீழ்க் கையும் வேறு வேறு நீளம், வேறு வேறு வட்டம். அதனால் கேம்பர் மாறும், காஸ்டர் மாறும், டை ராடு சரிவதால் டோ மாறும். எந்தப் பக்கம் எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது நம்பிக்கை, பச்சை. இதில் இருக்கும் உண்மையை மறைக்க மாட்டேன். டோ சரியில்லாத வண்டி டயரைத் தின்னும். ஒரு சக்கரம் அரை டிகிரி கோணலாக இருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 8.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகிறது. திருச்சியிலிருந்து சென்னை 330 கி.மீ. என்று கொண்டால், போய்ச் சேர்வதற்குள் அந்த டயர் கிட்டத்தட்ட 2.9 கி.மீ. குறுக்கே இழுபட்டிருக்கும். பட்டன் ஒரு பக்கம் மட்டும் கரைவதில் வியப்பென்ன? ஆகவே டோவைச் சரிசெய்வது வீண் வேலை இல்லை.

ஆனால் அந்தப் பச்சை எதைச் சொல்கிறது? வண்டி அசையாமல் நிற்கிறபோது, திருக முடிந்த ஒரே நட்டைத் திருகி, ஒரே ஒரு கோணத்தை எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று சொல்கிறது. காஸ்டரை அளக்க, சக்கரத்தைக் குறிப்பிட்ட டிகிரி இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். பட்டறையில் அதை ஸ்வீப் என்பார்கள். அதற்குச் சுழலும் தட்டு வேண்டும், பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும், சில நிமிடங்கள் கூடுதலாகும். வெளியே ஐந்து கார் காத்திருந்தால் அந்த நிமிடங்கள்தான் முதலில் வெட்டுப்படும். மெக்கானிக்கைக் குறை சொல்வதில் பயனில்லை. காஸ்டர் எண்ணைக் கேட்கும் வாடிக்கையாளர் அவருக்கு மாதத்தில் ஒருவர் கிடைத்தாலே அதிகம்.

நின்ற வண்டியில் வந்த பச்சை, ஓடும் வண்டிக்குப் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. திருச்சியின் காவிரிப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1976இல் கட்டிய அந்தப் பாலத்தின் இணைப்புகள் தேய்ந்துபோய், இணைப்புக்கு இணைப்பு ஒரு குலுக்கல் வாங்கியபடிதான் சத்திரத்திலிருந்து மாம்பழச்சாலைக்குப் போனோம். 2022 செப்டம்பரில் மூடிப் பழுதுபார்த்து 2023 மார்ச்சில் திறந்தார்கள். அப்படிப்பட்ட குலுக்கல் ஒவ்வொன்றிலும் சக்கரம் மேலேறி இறங்குகிறது. தயாரிப்பாளர் வைத்த உயரத்தில் டை ராடும் சஸ்பென்ஷன் கையும் கிட்டத்தட்ட ஒத்த வட்டத்தில் அசைவதால் சக்கரம் ஏறி இறங்கினாலும் திசை மாறாது. உயர்த்திய வண்டியில் டை ராடு அதிகமாகச் சரிந்திருக்கும், இரண்டு வட்டங்களும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு குலுக்கலிலும் டோ ஒரு கணம் மாறி மீளும். ஓட்டுபவர் திருப்பாமலே வண்டி வெடுக்கென்று இழுக்கும். பம்ப் ஸ்டியர் என்பது இதுதான். அலைன்மென்ட் தாளில் இதற்கு ஒரு கட்டமே கிடையாது. பாலத்தின் இணைப்பு கெட்டபோது ஊரே முணுமுணுத்தது. நம் வண்டிக்குள் அதே கேட்டை நாமே காசு கொடுத்து மாட்டிக்கொள்கிறோம்.

மூன்றாவது நம்பிக்கைக்கு மரியாதை அதிகம், ஏனெனில் அதைச் சொல்பவர்கள் அனுபவசாலிகள்: “ரிஜிட் ஆக்சிலுக்கு என்னண்ணே அலைன்மென்ட்? முழு அச்சும் ஒரே இரும்பு.” கேம்பரைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. அச்சு வளையாதவரை கேம்பர் மாறாது. டை ராடு இரு சக்கரங்களையும் நேரடியாக இணைத்திருந்தால் டோவும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் அந்த ஒரே இரும்பு மொத்தமாகக் கவிழலாம், மொத்தமாகப் பக்கவாட்டில் நகரலாம் என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. லீஃப் ஸ்பிரிங் பட்டை வைத்த வண்டியையே பாருங்கள், 1985இல் வந்த ஜிப்சி போல. முன் பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் சேக்கிளை நீளமாக மாற்றி உயர்த்துவது மலிவான வழி. பட்டையின் முன்முனையில் சேக்கிள் இருக்கும் வண்டியில் நீள சேக்கிள் போட்டால் பட்டையின் மூக்கு கீழே சாயும், அதோடு அச்சும் சாயும், காஸ்டர் குறையும். பின்முனையில் சேக்கிள் இருந்தால் காஸ்டர் கூடும், ஆனால் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்து, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் அதிகமாக மடங்கும். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று தாழ்கிறது. இதை ஈடுகட்டத்தான் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே சாய்வான ஆப்பு வைக்கிறார்கள். ஜிம்னி போன்ற காயில் ஸ்பிரிங் வண்டிக்கு மையம் விலகிய துளை கொண்ட காஸ்டர் புஷ் கிடைக்கிறது. அலைன்மென்டே தேவையில்லை என்றால் இந்த ஆப்பும் புஷ்ஷும் எதற்கு விற்கின்றன?

இதே வண்டிகளில், ஸ்டியரிங் கியர் பாக்ஸைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கின் சரிவு கூடுவதால் நேரே போகும்போதும் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். பலர் ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக மாட்டித் தீர்த்துக்கொள்கிறார்கள். அது கண்ணுக்கான தீர்வு மட்டுமே. உள்ளே ஸ்டியரிங் கியர் பாக்ஸ் நடுவிலிருந்து விலகியே இருக்கிறது. சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி உள்ள இன்றைய வண்டிகளில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை ஒரு சென்சார் படித்துக் கணினிக்குச் சொல்கிறது. வண்டி நேரே போகிறது, சென்சார் திரும்புகிறது என்கிறது. இந்த முரணைக் கணினி சறுக்கல் என்று எடுத்துக்கொண்டு ஒரு சக்கரத்தில் பிரேக் போட்டுவிட வாய்ப்புண்டு. டிராக் லிங்க்கைச் சரிசெய்து, சென்சாரின் நடுநிலையைப் புதிதாகப் பதிவுசெய்வதே முறை.

நான்காவது, டேம்பர். முன்சக்கரங்கள் தறிகெட்டு ஆடும் வண்டிக்கு ஸ்டியரிங் டேம்பர் மாட்டினால் ஆட்டம் அடங்குவது உண்மைதான். காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டால் நெற்றி குளிர்வதும் உண்மைதான். ஆட்டத்துக்குக் காரணம் தேய்ந்த புஷ்ஷாக இருக்கலாம், தளர்ந்த பனார்டு போல்ட்டாக இருக்கலாம், பால் ஜாயின்ட்டின் ப்ளே என்னும் தளர்வாக இருக்கலாம், சமநிலை தப்பிய பெரிய டயராக இருக்கலாம், தொலைந்த காஸ்டராகவும் இருக்கலாம். டேம்பர் இவற்றில் ஒன்றையும் சரிசெய்யாது. எல்லாவற்றையும் மூடிமறைக்கும். அது தேயும் நாளில் மறைந்தவை அனைத்தும் ஒன்றாக வெளியே வரும். ப்ளே உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் செய்வதும் அதே ரகம்தான். ஆடுகிற உத்தரத்தில் தொட்டில் கட்டி முடிச்சை மட்டும் சோதிப்பது போல.

“மலைக்கும் மணலுக்கும்தானே உயர்த்தினோம், அங்கே காஸ்டர் யாருக்கு வேண்டும்?” என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பச்சைமலையின் கல்பாதையில் 15 கி.மீ. வேகத்தில் ஏறும்போது அலைன்மென்டைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் துறையூர் வரை தார்ச்சாலையில்தானே போகிறீர்கள்? கொல்லிமலைக்குப் போனால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங் முழுக்கத் திரும்பி, தானே மீள வேண்டும். கரடுமுரடான பாதையில் வண்டி நாலு மணிநேரம் இருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவதும், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், தீபாவளிக்குச் சென்னை போவதும் மற்ற நாட்களில், மற்றவர்களும் ஓடும் சாலையில்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி செய்தது. வண்டியை உயர்த்துங்கள் என்று யாருக்கும் நான் பரிந்துரைக்கவில்லை. உயர்த்திவிட்டவர்களிடம்தான் பேசுகிறேன்.

நம் பிழை ஒன்றுதான். உயர்த்துவது ஒரு வேலை, அலைன்மென்ட் அதற்குப் பிறகு வரும் சில்லறை வேலை என்று பிரித்துவைத்தோம். கைகளின் கோணத்தை மாற்றிய கணத்திலேயே அலைன்மென்ட் மாறிவிட்டது. உயர்த்துவதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு காஸ்டரைத் திருப்பித் தராத பட்டறை, அறுவை செய்துவிட்டுத் தையல் போடாமல் அனுப்பும் மருத்துவரைப் போன்றது.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கிட் மாட்டுவதற்கு முன் ஒரு அளவு, மாட்டிய பின் ஒரு அளவு, இரண்டுக்கும் தாள். புஷ், பால் ஜாயின்ட், பனார்டு போல்ட்டுகளை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். காற்றழுத்தம் சரியாக இருக்கட்டும். காஸ்டரும் கேம்பரும் முதலில், டோ கடைசியில். ஏனெனில் முன்னவற்றைத் தொட்டால் டோ மாறிவிடும். புது ஸ்பிரிங் ஓடி அமர்ந்துகொள்ளும் என்பதால் ஆயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி அளக்க வேண்டும். பின் அச்சு நேராகத் தள்ளுகிறதா என்பதையும் அதே தாளில் கேளுங்கள். கடைசியாக ஆளில்லாத ஒரு மைதானத்தில் மெதுவாக ஒரு வளைவு எடுத்து, பிடியைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். ஸ்டியரிங் தானே நேருக்கு வருகிறதா?

வரவில்லையென்றால் திரை எந்த நிறம் காட்டினாலும் வேலை முடியவில்லை. காஸ்டர் என்ற வரிசையில் எண்ணுக்குப் பதில் கோடு போட்டிருக்கும் தாளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.